பதினோரு பேர் ஒரு பக்கம்... ஒருவர் மட்டும் மறுபக்கம்!

நியூயார்க்கில் ஒரு கோடை மதியம். நீதிமன்றக் கட்டடத்தில் ஓர் அறை. உள்ளே பன்னிரண்டு ஆண்கள். புழுக்கம் தாங்கவில்லை, மின்விசிறியும் ஓடவில்லை. தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட 18 வயதுப் பையன் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று இவர்கள்தான் சொல்ல வேண்டும். அதில் ஒருவரின் சட்டைப் பையில் அன்று மாலை நடக்கும் பேஸ்பால் ஆட்டத்துக்கான டிக்கெட் இருக்கிறது. சட்டுபுட்டென்று முடித்துவிட்டுக் கிளம்பணும் அவருக்கு!

‘குற்றவாளி’ என்பவர்கள் கை தூக்க வேண்டும். சில கைகள் உடனே உயர்கின்றன. மற்றவை, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக மெல்ல மேலே போகின்றன. கடைசியில் பதினோரு கைகள். ஒருவர் மட்டும் தூக்கவில்லை.

1957-ல் சிட்னி லூமெட் இயக்கிய ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. கதையை எழுதிய ரெஜினால்ட் ரோஸ், தானே ஒரு வழக்கில் ஜூரியாக உட்கார்ந்த அனுபவத்தில் 1954-ல் முதலில் இதைத் தொலைக்காட்சி நாடகமாக எழுதினார். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறை, ஒரே மேஜை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

காரணம், மெல்ல உயர்ந்த அந்தக் கைகள். அவர்களுக்குப் பையன் மேல் கோபம் எதுவும் கிடையாது. எல்லோரும் தூக்கிவிட்டார்களே, நாம் மட்டும் எதற்கு என்ற நினைப்புதான். இதை அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-லேயே சோதித்துக் காட்டியிருந்தார். எந்தக் கோடு நீளம் என்று குழந்தைக்கும் தெரியும் கேள்வி. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே தப்பான பதிலைச் சொன்னபோது, விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களின் பதில்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகப் போனது. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், இந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது.

படத்தின் எட்டாம் எண் ஜூரி செய்வதும் இதுதான். பையன் நிரபராதி என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் பேசலாமே என்கிறார். பிறகு ஒரு சாமர்த்தியம்: கை தூக்க வேண்டாம், மற்ற பதினோரு பேரும் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்கிறார். முகம் தெரியாது என்றதும் ஒரு சீட்டு மாறி விழுகிறது.

முன்முடிவோடு வந்தவர்களும் அங்கே உண்டு. சேரிப் பையன்கள் எல்லோருமே பொய்யர்கள் என்று பொரிந்து தள்ளும் ஒருவர். பெற்ற மகன் தன்னை எதிர்த்துவிட்டுப் போன ஆத்திரத்தை இந்தப் பையன் மேல் இறக்கும் இன்னொருவர். முதலாமவர் பேசப் பேச, மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவருக்கு முதுகைக் காட்டுகிறார்கள். சேரியிலேயே வளர்ந்த ஒருவரும் அந்த ஜூரியில் இருக்கிறார் என்பதுதான் கதாசிரியரின் கெட்டிக்காரத்தனம். மடக்குக் கத்தியை எப்படிப் பிடிப்பார்கள் என்று அவருக்குத்தான் தெரிகிறது!

இதையே பாசு சட்டர்ஜி 1986-ல் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என்று இந்தியில் எடுத்தார். மகன் மேல் ஆத்திரம் கொண்ட அப்பாவாக பங்கஜ் கபூர் வெளுத்து வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது நம் கிரிமினல் நீதிமன்றங்களில் ஜூரியே கிடையாது.

சரி, அந்த மேஜையையும் பன்னிரண்டு நாற்காலிகளையும் லாரி ஏற்றி நம் சங்ககிரியில் கொண்டுவந்து போட்டால் என்ன நடக்கும்? அதற்கு முன், ஜூரி இருந்த காலத்தில் நம்மிடம் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

‘இந்துநேசன்’ பத்திரிகையில் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதானார்கள். ‘ஹரிதாஸ்’ வெளியாகி ஓடிக்கொண்டிருந்த நேரம். தமிழ்நாடே இரண்டு பட்டு நின்று பேசியது. ஒன்பது பேர் கொண்ட ஜூரியும் அதே ஊரில், அதே பேச்சைக் கேட்டு வளர்ந்த மனிதர்கள்தானே?

நாயுடு விடுதலையானார். பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்று ஆறு பேர் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். அன்றைய சட்டப்படி ஆறு பேர் ஒரே கருத்தில் இருந்து, நீதிபதியும் ஒப்புக்கொண்டால் போதும். நீதிபதி மாக்கெட் ஒப்புக்கொண்டார். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. அந்த ஆறு பேரில் ஒருவர் கையை இறக்கியிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது. ஜூரி காரணம் சொல்வதில்லை. எழுதி வைப்பதும் இல்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரையும் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கலைவாணர் மீண்டும் நடித்தார். பாகவதரின் பழைய செல்வாக்கு திரும்பவே இல்லை.

பம்பாயில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1959-ல் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை, ‘பிளிட்ஸ்’ பத்திரிகை கதாநாயகனாகவே ஆக்கிவிட்டது. ஜூரியில் எட்டுப் பேர் ‘குற்றமில்லை’ என்றார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தண்டனை. 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தனியாக நிற்பவர் எப்போதும் ‘விட்டுவிடுங்கள்’ என்றுதான் சொல்வார் என்பதில்லை! அந்த வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் 1958-லேயே சட்ட ஆணையம் ஜூரி வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது. 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடமே வைக்கவில்லை.

இப்போது சங்ககிரிக்கு வருவோம். அமெரிக்கப் படத்தில் ஜூரிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கடைசிக் காட்சியில், வாசல்படியில் பிரியும்போதுதான் இருவர் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். இங்கே அது நடக்கிற காரியமா? உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம், “எந்தூருங்க? யாரு ஊட்டுப் பையனுங்க?” என்று விசாரித்துவிடுவார்கள். ஊர் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் சாதி தெரியும். எதிர்த்துக் கை தூக்கியவர் மறுநாள் காலை அதே பஸ்ஸில் ஏற வேண்டும், அதே கடையில் டீ குடிக்க வேண்டும்.

இது வெறும் கற்பனை இல்லை. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு உடன் படித்த தோழியோடு போனார். அவர் தலித், தோழி வேறு சாதி. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. முதல் குற்றவாளி, சங்ககிரியைச் சேர்ந்த யுவராஜ். சங்ககிரிக் கோட்டையில் 1805-ல் வெள்ளையர்களால் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் பெயரில் சாதிப் பேரவை நடத்தியவர்.

ஜூரி இல்லாத வழக்குதான். ஆனாலும் கூட்டத்தின் பலம் சாட்சிக் கூண்டுக்குள் நுழைந்தது. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கோயில் கேமராவில் பதிவான பெண் தான் இல்லை என்று தோழியே சொன்னார். அவரும் இதே மண்ணில் வாழ வேண்டியவர்தானே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கோகுல்ராஜின் தாய்க்கு அது என்ன ஆறுதல்? அந்தத் தாய் விடவில்லை. வழக்கை நாமக்கல்லிலிருந்து மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார். 2019-ல் விசாரணை மதுரைக்குப் போனது. கேமராப் பதிவும் சூழ்நிலைச் சாட்சியங்களும் அங்கே பேசின. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை, ஐந்து பேருக்கு விடுதலை.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும், படத்தின் எட்டாம் எண் ஜூரி போலவே ஒரு காரியம் செய்தார்கள். அவர், தானே கடைத்தெருவுக்குப் போய் அதே போன்ற கத்தியை வாங்கி வந்து மேஜையில் குத்தி நிறுத்தியவர். இவர்கள் 2023 ஜனவரியில் நேரில் கிளம்பி வந்து, திருச்செங்கோடு மலைக்கோயிலில் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். பள்ளிபாளையம் தண்டவாளத்துக்கும் போனார்கள். அந்த ஜூன் 2-ம் தேதி, யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.