சபை கலைந்திருந்தபோது ஒரு போர்

கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். மேலூர், அலங்காநல்லூர், திருமங்கலம் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பிரிவு 75(3) என்றால் போதும், 'அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது' என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அந்த இடத்தில்தான் கார்கிலை இழுத்துவந்து போடுவேன். 1999 மே மாதம் அங்கே சண்டை மூண்டபோது, பதில் கேட்க வேண்டிய மக்களவையே இல்லை.

அது இல்லாமல் போனதில் நம்மூர் அரசியலுக்கும் பங்குண்டு. ஏப்ரல் 14-ம் தேதி ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டார். 17-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு தோற்றது. 26-ம் தேதி மக்களவை கலைக்கப்பட்டது. மே முதல் வாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் மலைமேல் அந்நிய ஆட்களைப் பார்த்ததாகச் சொன்னபோது டெல்லியில் இருந்தது காபந்து அரசு.

"தோத்துப்போனவங்களுக்குப் போர் நடத்த உரிமை இருக்கா மேடம்?"

நல்ல கேள்வி. இதற்கான பதில் 1971-லேயே வந்துவிட்டது. மக்களவை கலைந்த பிறகு இந்திரா காந்தி பிரதமராக நீடிக்கலாமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆள முடியாது. ஆகவே சபை கலைந்தாலும் அமைச்சரவை இருந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது. உரிமையைப் பற்றிச் சந்தேகமில்லை. கேள்வி கேட்க ஆள் யார் என்பதுதான் பாக்கி.

போர்க்காலத்தில் மொத்த அமைச்சரவையும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு என்று ஒரு சின்ன வட்டம் உண்டு. அன்று அதில் ஐந்து பேர்: பிரதமர் வாஜ்பாய், உள்துறை அத்வானி, பாதுகாப்பு ஜார்ஜ் பெர்னாண்டஸ், வெளியுறவு ஜஸ்வந்த் சிங், நிதி யஷ்வந்த் சின்கா. நிதி அமைச்சருக்கு அங்கே என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்பார்கள். குண்டுக்கும் விலை உண்டு, குளிர் உடுப்புக்கும் விலை உண்டு. முப்படைத் தளபதிகள் வந்து உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள், முடிவு அமைச்சர்களுடையது.

அந்தத் தளபதிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. தரைப்படைக்கு ஹெலிகாப்டர்கள் வேண்டியிருந்தன. விமானப்படைத் தளபதி டிப்னிஸ் தயங்கினார். அவ்வளவு உயரத்தில், தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு ஹெலிகாப்டர் சுலபமான இலக்கு. தவிர, வான்படை இறங்கினால் சண்டை பெரிதாகும், அரசின் அனுமதி இல்லாமல் ஆகாது என்றார். தரைப்படைத் தளபதி மாலிக் வெளிநாட்டுப் பயணத்திலிருந்து மே 20-ல்தான் திரும்பினார். இழுபறிக்குப் பிறகு 25-ம் தேதி குழு கூடி வான்படைக்கு அனுமதி தந்தது. கூடவே ஒரு கட்டுப்பாடு: யாரும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது.

மறுநாள் விமானங்கள் பறந்தன. 27-ம் தேதி இரண்டு போர் விமானங்களை இழந்தோம். 28-ம் தேதி எம்ஐ-17 ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு நால்வர் இறந்தனர். டிப்னிஸ் பயந்தது நடந்தேவிட்டது. ஆயுதம் ஏந்திய ஹெலிகாப்டர்கள் விலக்கப்பட்டன. கோட்டைப் பற்றிய கட்டுப்பாட்டை மட்டும் குழு கடைசிவரை தளர்த்தவில்லை.

அதற்குக் கொடுத்த விலை சாதாரணமில்லை. பின்னால் சுற்றிப்போய் வளைக்க வழியின்றி, உச்சியில் இருப்பவன் கண்ணெதிரே கீழிருந்து ஏற வேண்டியிருந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29-ல் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேலானது. மொத்தம் 527 பேர் உயிரிழந்தார்கள். இன்னொரு பக்கம், கோட்டைத் தாண்டாத நாடு என்பதால் உலகம் இந்தியா பக்கம் சாய்ந்தது. ஜூலை 4-ல் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் முன்னால் உட்கார்ந்து, படைகளைத் திரும்பப் பெற பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப் ஒப்புக்கொண்டார். கோட்டைத் தாண்டுவதில்லை என்ற அந்த முடிவு சரிதான் என்பது என் எண்ணம். சரவணன் வீட்டார் முன்னால் நின்று இதை இவ்வளவு சுலபமாகச் சொல்வேனா, தெரியாது.

நான் ஒப்ப முடியாதது வேறொன்று. மக்களவைதான் கலைந்திருந்தது. கலைக்கவே முடியாத மாநிலங்களவை இருந்ததே! அதைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழையுங்கள் என்று காங்கிரஸ் கேட்டது. அரசு அனைத்துக்கட்சிக் கூட்டம் நடத்தியதே தவிர சபையைக் கூட்டவில்லை. 1962-ல் சீனப் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோது, நாடாளுமன்றத்தை உடனே கூட்டச் சொல்லி நேருவிடம் போனவர்களில் ஒருவர் முப்பத்தெட்டு வயதுகூட ஆகாத ஒரு மாநிலங்களவை உறுப்பினர். நேரு இணங்கினார்; சண்டை ஓயும் முன்பே, நவம்பர் 8-ல், சபை கூடி அரசை வறுத்தெடுத்தது. அந்த இளைஞரின் பெயர் வாஜ்பாய். இதைச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழும்.

போர் முடிந்த மூன்றாம் நாள், ஜூலை 29-ல், ஆய்வுக் குழு அமைந்தது. தலைவர் கே. சுப்பிரமணியம், இவர் திருச்சியில் பிறந்தவர். ஊடுருவல் நம்மை முழுக்க அசந்த நேரத்தில் பிடித்தது என்று ஒளிக்காமல் எழுதினார்கள். 2000 பிப்ரவரி 23-ல் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்குள் தேர்தல் முடிந்து புது மக்களவை வந்திருந்தது. ஆனால் அந்தக் குழுவிடம் கேட்டது, போருக்கு முன்னால் என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம் என்ற இரண்டைத்தான். மே 25-ம் தேதி முடிவு அதன் வரம்புக்குள் வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி மாலிக் 2006-ல் புத்தகம் எழுதினார். டிப்னிஸும் தன் தரப்பை எழுதினார். ஹெலிகாப்டர் விஷயத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதில் இரண்டும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.