ஆறு கம்பிகளும் ஒரு கட்டிங் பிளேயரும்

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



கிடார் வாசிக்கச் சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கிடாருக்குக் கம்பி மாற்றச் சொல்லித்தர மட்டும் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. வாசித்தவருக்குக் கைதட்டு கிடைக்கும். கம்பி மாற்றியவரை யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அந்த வேலை நடக்கவில்லை என்றால் மேடையில் சத்தமே வராது.

நம் பேரவை அறையில் உள்ள கிடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் பீரோ மேல் தூசியோடு கிடந்தது. மரத்தில் விரிசல் இல்லை, கழுத்து வளையவில்லை. கம்பி மட்டும் துருப்பிடித்திருந்தது. "அது ரிப்பேர், தொடாதே" என்று ஒரு பேட்ச் அடுத்த பேட்சுக்குச் சொல்லிவிட்டுப் போனது, அவ்வளவுதான். நான் முதலாண்டு படித்தபோது நாங்கள் சில பேர் காசு போட்டு ஒரு செட் கம்பி வாங்கினோம். சர்ச்சில் வாசிக்கிற சீனியர் அண்ணன் ஒருவர் மாற்றிக் காட்டினார். அன்றிலிருந்து அந்த வேலை என் வேலை. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பி ஏன் சாகிறது?

புதுக் கம்பியைத் தட்டினால் 'டிங்' என்று மணி மாதிரி நீளமாகக் கேட்கும். பழைய கம்பி 'டொப்' என்று அடங்கிவிடும். காரணம் மூன்று. ஒன்று, விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. அது இரும்பைத் தின்கிறது. எங்க ஊர் மாதிரி கடலோரம் என்றால் காற்றிலேயே உப்பு. இரண்டு, தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் சன்னக் கம்பியின் இடுக்குகளில் அழுக்கு ஏறுகிறது. மூன்று, ஃப்ரெட் மீது அழுத்தி அழுத்தி அடியில் பள்ளம் விழுகிறது. மொத்தத்தில், கம்பியின் எடை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக இருப்பதில்லை. சீராக இல்லாத கம்பி சுருதியிலும் நிற்காது. சும்மா தட்டும்போது சரியாக இருக்கும், 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் இடறும். அப்படி இடறினால் கம்பி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எந்தக் கம்பி வாங்குவது?

முதலில் கிடார் எந்த ஜாதி என்று பாருங்கள். பிரிட்ஜில் ஆறு பொத்தான் மாதிரி பின்கள் குத்தியிருந்தால் அது ஸ்டீல் கம்பி கிடார். பின் இல்லாமல் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் பெரும்பாலும் நைலான் கிடார். நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. அதன் உடம்பு அந்த இழுவைக்குச் செய்ததில்லை. பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலே ஒரு கிடாரைக் காப்பாற்றியவர் ஆவீர்கள்.

கடையில் '10', '12' என்று கேட்பார்கள். அது 1ஆம் கம்பியின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, ஆயிரத்தில் பன்னிரண்டு. 10 விரலுக்கு மெத்தென்று இருக்கும், புதிதாகக் கற்பவருக்கு நல்லது. 12 சத்தம் கூட.

உறையில் '80/20 பிரான்ஸ்' என்றும் 'பாஸ்பர் பிரான்ஸ்' என்றும் போட்டிருக்கும். முதல் வகையில் செம்பு 80, துத்தநாகம் 20. நம் உலோகவியல் பாடப்படி செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் அது பித்தளை! பேர்தான் பிரான்ஸ். இரண்டாவதில் செம்பு சுமார் 92, மீதி பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சூண்டு பாஸ்பரஸ். இதுதான் உண்மையான வெண்கலம். துருவைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எங்களுக்கு இதுதான் சரிப்பட்டது.

ஒன்றரை மூட்டை சிமெண்ட்

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636இல் வெளியிட்ட விதி இது: கம்பியின் நீளம் கூடினால் அதிர்வெண் குறையும், இழுவிசை கூடினால் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அதிர்வெண் கூடும், கம்பியின் எடை கூடினால் குறையும்.

நட்டிலிருந்து சேடில் வரை 648 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 1ஆம் கம்பி வினாடிக்கு 329.6 தடவை அதிர வேண்டும். 12 எண் கம்பியின் விட்டம் சுமார் 0.305 மில்லிமீட்டர். விதியில் போட்டால் இழுவிசை சுமார் 105 நியூட்டன், அதாவது பத்தரை கிலோவுக்கு மேல். இது ஒரு கம்பிக்கு. ஆறும் சேர்ந்தால் சுமார் 75 கிலோ. ஒன்றரை மூட்டை சிமெண்டை அந்த மெல்லிய பலகை ராப்பகலாகச் சுமக்கிறது!

அதை விடுங்கள். அந்த 105 நியூட்டனைக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 1,430 நியூட்டன் வருகிறது. எங்க அப்பா கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர். அவர் கையில் புழங்கும் எஃப்.ஈ. 500 கம்பி 500இல் இளகத் தொடங்கிவிடும். கிடார்க் கம்பி அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கில் நின்று பாடுகிறது. லீவில் வீட்டுக்குப் போனபோது இந்தக் கணக்கை அப்பாவுக்குச் சொன்னேன். வீட்டில் டிப்ளமோ படிக்கிற முதல் ஆள் நான்தான். நான் படிப்பது என்னவென்று அவருக்குச் சொல்ல அதுவரை எனக்கு வழி தெரியவில்லை. வெட்டிப்போட்ட துண்டை வாங்கி விரலில் வளைத்துப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்தச் சன்னக் கம்பியா அவ்ளோ பாரம் தாங்குது? இதுல என்ன சேக்குறாங்க?" என்று கேட்டார். கார்பன் அதிகமுள்ள ஸ்டீல், அச்சு வழியே இழுத்து இழுத்துச் சன்னமாக்கியது என்று சொன்னேன். அன்று ராத்திரி சாப்பாடு முடியும்வரை கம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இந்தக் கணக்கில் இன்னொரு வேடிக்கை. தகைவுக்கான சூத்திரத்தில் விட்டம் அடிபட்டுப் போய்விடும். அதாவது சுற்றில்லாத வெறும் கம்பியில், தடித்தது போட்டால் அறாது என்று நினைப்பது சரியில்லை. ஒரே சுருதிக்கு ஏற்றினால் சன்னத்துக்கும் தடிப்புக்கும் தகைவு ஒன்றுதான். அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் இழுவை நான்கு மடங்கு. ஆகவே, தெரியாமல் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினால் கம்பி கட்டாயம் அறும். அறும்போது முகத்தில் அடிக்கும்.

வேண்டிய சாமான்கள்

கட்டிங் பிளேயர், பழைய துணி, ஒரு பென்சில், ஒரு நாணயம், ஒர்க்‌ஷாப் கண்ணாடி. கைபேசியில் சுருதி பார்க்கும் செயலி இருந்தால் நல்லது. முதல் தடவை ஒரு மணி நேரம் பிடிக்கும். பழகினால் இருபது நிமிஷம்.

கழற்றுவது

1. கண்ணாடி போடுங்கள். இறுக்கமாக இருக்கும் கம்பியை ஒருபோதும் வெட்டாதீர்கள். டியூனிங் குமிழைத் திருகி, கம்பி தொங்கும்வரை தளர்த்துங்கள்.

2. முதல் தடவை என்றால் ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கம்பியைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவே வாத்தியார்.

3. பிரிட்ஜ் பின்னைக் குறடு வைத்துப் பிடுங்காதீர்கள், தலை உடையும். நடு ஓட்டை வழியாகக் கையை விட்டு, நாணயத்தால் பின்னின் அடியை மேல்நோக்கித் தள்ளினால் தானே எழும்பும். மற்ற கம்பிகளும் அப்போது கொஞ்சம் தளர்ந்திருந்தால்தான் கை நுழையும்.

4. கம்பி இல்லாத இடத்தில் அழுக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம்.

மாட்டுவது

புதுக் கம்பியின் ஒரு முனையில் சின்ன வளையம் மாதிரி ஒரு குண்டு இருக்கும். அதற்கு மேலே ஒரு சென்டிமீட்டரில் கம்பியை லேசாக வளைத்து ஓட்டைக்குள் விடுங்கள். பின்னில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். அது கழுத்துப் பக்கம் பார்க்க வேண்டும். பெருவிரலால் பின்னை அழுத்திக்கொண்டே, மறு கையால் கம்பியை மேல்நோக்கி இழுங்கள். 'டக்' என்று குண்டு உள்பலகையில் போய் உட்காரும். இழுவையைத் தாங்குவது அந்தப் பலகைதான், பின் இல்லை. குண்டு பின்னின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தால், சுருதி ஏற்றும்போது பின் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும்.

அடுத்து நட்டின் பள்ளத்தில் பென்சில் நுனியால் நாலு தேய் தேயுங்கள். பென்சில் கிராஃபைட் மசகு என்பது மெக்கானிக்கல்காரனுக்குச் சொல்ல வேண்டுமா?

கம்பியைத் தண்டின் ஓட்டையில் விட்டு நேராக இழுத்துவிட்டு, சுமார் இரண்டு அங்குலம் பின்னுக்குத் தளர்வு விடுங்கள். தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, சன்னத்துக்கு மூன்று சுற்று விழுந்தால் போதும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குக் கீழே போக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. பக்கத்துக்கு மூன்று குமிழ் உள்ள தலையில் எல்லாக் கம்பியும் தண்டுகளின் உள்பக்கமாகப் போகும். முன்னால் நின்று பார்த்தால் 6, 5, 4ஆம் கம்பிகளின் தண்டு கடிகாரத்துக்கு எதிராகவும், 3, 2, 1இன் தண்டு கடிகாரத் திசையிலும் சுற்றும்.

மிச்ச முனையை உடனே வெட்டாதீர்கள். சுருதி நின்ற பிறகு, முதலில் மடித்து, பிறகு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் மேல்சுற்று நழுவி, புதுக் கம்பி அன்றே செத்துவிடும்.

சுருதி சேர்ப்பது

தடித்ததிலிருந்து வரிசை இது: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண் 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 ஹெர்ட்ஸ். செயலி இல்லையா? 6ஆம் கம்பியைச் சரிசெய்துவிட்டு, அதன் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் வருவது 5ஆம் கம்பியின் சுரம். இப்படியே இறங்கி வரலாம். 3ஆம் கம்பியில் மட்டும் 4ஆம் ஃப்ரெட். இதை மறந்தால் பாட்டு முழுக்க அழுகைதான்.

எப்போதும் கீழிருந்து மேலே வந்து நிறுத்துங்கள். குமிழுக்குள் இருப்பது வோர்ம் கியர்; பல இயந்திரங்களில் குமிழை 14 முதல் 18 தடவை திருப்பினால் தண்டு ஒரு சுற்று சுற்றும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் வோர்ம் பின்னால் திரும்பாது. வீணையில் பிரடை உராய்விலேயே நிற்கிறது; இங்கே அந்த வேலையைக் கியர் பார்க்கிறது. ஆனால் கியர் என்றால் பேக்லாஷ் உண்டே! மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அந்த இடைவெளி அப்படியே இருக்கும்; நாலு தடவை மீட்டியதும் சுருதி இறங்கும். கூடிப்போனால் நன்றாகத் தளர்த்தி, மறுபடி ஏற்றி வாருங்கள்.

புதுக் கம்பி முதல் நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். கம்பியில் குறை இல்லை. சுற்றுகள் இறுகி உட்காருகின்றன. ஒவ்வொரு கம்பியையும் நடுவில் விரலால் மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி சுருதி பாருங்கள். நாலைந்து தடவை செய்தால் நிற்கும். ஆகவே விழாவுக்கு அன்று காலையில் கம்பி மாற்றாதீர்கள். இரண்டு நாள் முன்னால் மாற்றுங்கள்.

கம்பிக்கு ஆயுள் கூட

வாசிப்பதற்கு முன் கை கழுவுங்கள். பஜ்ஜி தின்ற கையோடு கிடாரைத் தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். ஒரு நிமிஷ வேலை, எங்கள் கம்பிக்குப் பல வாரம் ஆயுள் கூடியது. வெயில் விழும் ஜன்னலோரம் கிடாரை வைக்காதீர்கள், பசை இளகும். வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதீர்கள்; ஹாஸ்டலில் வெறுங்காலோடு நடப்பவர்கள்தான் அதிகம்.

'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் (1982) வரும் நிலாப் பாட்டின் தொடக்கக் கிடாரைக் கேட்காத தமிழ்க் காது உண்டா? அதை வாசிக்க வேண்டும் என்றுதான் நம் ஜூனியர்கள் பத்துப் பேர் சாயங்காலம் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது ஒரே கிடார். பேரவை நிதியில் வருஷத்துக்குக் கிடைப்பது ஒரே செட் கம்பி. அதைக் கெடுத்தால் அந்த வருஷம் கிடார் மறுபடி பீரோ மேல்தான். நாங்கள் ஏப்ரலில் கிளம்புகிறோம். முதலாண்டில் யாராவது இரண்டு பேர், தேர்வுக்கு முன் ஒரு சனிக்கிழமை பேரவை அறைக்கு வாருங்கள். இந்தத் தடவை கட்டிங் பிளேயர் உங்கள் கையில், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். பாடத் தெரிய வேண்டும் என்பதில்லை, கை சுத்தமாக இருந்தால் போதும்!