பயணக் குமட்டலைத் தணிக்குமா ஒரு நிமிட ஒலி? உள்காதில் நடப்பது என்ன?

புது தில்லி: வண்டி புறப்படும் முன் ஒரு நிமிடம், காதில் தாழ்ந்த சுருதியில் ஒரு ரீங்காரம். பயணத்தின்போது ஏற்படும் குமட்டலையும் தலைசுற்றலையும் இது தணிக்கக்கூடும் என்று ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 மார்ச் மாதம் வெளியிட்ட ஆய்வில் தெரிவித்தனர். இயர்பட்ஸ் வழியாக அதே ஒலியை எழுப்பும் கைப்பேசிச் செயலிகளும் தற்போது வந்துவிட்டன. மலைப்பாதை என்றாலே அஞ்சுவோருக்கு இது இனிப்பான செய்திதான். ஆனால் காதில் கேட்கும் ஒலிக்கும் வயிற்றைப் புரட்டும் குமட்டலுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உள்காதில் இருக்கிறது. கேட்பதற்கான நத்தை வடிவ உறுப்புக்கு அருகிலேயே உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்புகளும் அமைந்துள்ளன. தலை சுழல்வதை மூன்று அரைவட்டக் குழாய்கள் உணர்கின்றன. முன்னும் பின்னும், மேலும் கீழுமான அசைவையும் புவியீர்ப்பையும் இரண்டு சிறு பைகள் உணர்கின்றன. அப்பைகளில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உள்ளன. வண்டி குலுங்கும்போது இவை நகர்ந்து நரம்புகளுக்குத் தகவல் அனுப்புகின்றன.

பேருந்தில் அமர்ந்து கைப்பேசியைப் பார்ப்பவரின் கண்கள், எதுவும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்கின்றன. உள்காதோ, உடல் வளைந்து வளைந்து செல்வதாகச் சொல்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வண்டியை ஓட்டுபவருக்கு அடுத்த திருப்பம் முன்கூட்டியே தெரிவதால் அவர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார். பின்னிருக்கையில் இருப்பவர்தான் அவதிப்படுகிறார். செவித்திறனோடு சமநிலை உணர்வையும் இழந்தவர்களுக்குத் தலைசுற்றலோ கடற்பயணக் குமட்டலோ ஏற்படுவது அரிது என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளார்.

ஒலியால் சமநிலை உறுப்பைத் தூண்ட முடியும் என்பதும் புதிய செய்தி அல்ல. இத்தாலிய அறிவியலாளர் பியெத்ரோ துல்லியோ, 1920-களில் புறாக்களின் உள்காது எலும்பில் சிறு துளையிட்டு ஒலியெழுப்பியபோது அவற்றின் தலையும் கண்களும் அசைவதைக் கண்டார். இன்றும் தலைசுற்றலுடன் வரும் நோயாளியின் காதில் ஒலியைச் செலுத்தி, கழுத்துத் தசை அதற்கு எவ்வாறு எதிர்வினையாற்றுகிறது என்பதை அளந்து, சமநிலை உறுப்பின் நிலையை மருத்துவர்கள் அறிகின்றனர். பரிசோதனைக்குப் பயன்பட்ட வழியை நிவாரணத்துக்கும் திருப்ப முடியுமா என்பதே நாகோயா குழுவினரின் கேள்வி.

அவர்கள் தேர்ந்தெடுத்தது 100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலி. இந்தியத் தெருக்களில் மின்மாற்றிகள் எழுப்பும் ரீங்காரத்தின் அடிப்படை அதிர்வெண்ணும் ஏறத்தாழ இதுவே. இந்த ஒலி படிகங்கள் உள்ள பைகளைத் தூண்டுவதை எலிகளில் உறுதிசெய்த பின்னர், தன்னார்வலர்களை ஒரு நிமிடம் கேட்கச் செய்தனர். அதன்பின் அவர்களை ஊஞ்சலிலும், வாகனம் ஓட்டும் உணர்வைத் தரும் மாதிரிக் கருவியிலும், காரிலும் அமர்த்தினர். நிற்கும்போது உடல் தள்ளாடும் அளவு, இதயத்துடிப்புப் பதிவு, வினாத்தாள் ஆகியவற்றின் மூலம் பாதிப்பு அளவிடப்பட்டது. ஒலியைக் கேட்டவர்களிடம் குமட்டலும் தலை கனமற்று மிதப்பது போன்ற உணர்வும் குறைந்தன. பயணக் குமட்டலின்போது சீர்குலையும் தன்னியக்க நரம்புகளின் செயல்பாடும் மேம்பட்டது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிடித்த பாடலைக் கேட்டு மனத்தைத் திசைதிருப்புவது வேறு, இது வேறு. இங்கே ஒலி ஒரு மென்மையான இயந்திர அதிர்வாகவே செயல்படுகிறது.

பயன்படுத்திய ஒலியின் அளவு 80 முதல் 85 டெசிபல். தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதக் காதின் உணர்திறன் குறைவு என்பதால், செவியின் கணக்கில் இது சுமார் 66 டெசிபலுக்கு மேல் போகாது. ஒரு நிமிடத்துக்கு இது ஆபத்தான அளவு அல்ல. ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒலி மெல்லியதாகத் தோன்றுவதால் அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். அதே அளவில் அடுத்து ஒரு பாடல் ஒலித்தால் காதுக்குக் கேடு. குழந்தைகளுக்குப் போட்டுவிடும் பெற்றோர் இதை நினைவில் கொள்வது நல்லது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியாக எழுப்ப இயலாது. காதில் தளர்வாகப் பொருந்தும் இயர்பட்ஸிலும் இந்த ஒலி கசிந்துவிடும்.

ஆய்வின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். பயணக் குமட்டலில் மனத்தின் எதிர்பார்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையே சிலருக்கு ஆறுதல் தரும். ஆய்வகத்தில் சில நிமிடம் ஆடும் ஊஞ்சலும், பல மணி நேரம் நீளும் மணாலி மலைப்பாதையும் ஒன்றல்ல. பல்வேறு நாடுகளில் பெரிய அளவில் சோதிக்கப்படும் வரை இதை மருந்துக்கு மாற்று என்று கூற முடியாது.

எனினும், தற்போதைய மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைப்பவை. சென்று சேர்ந்த உடனே தேர்வு எழுத வேண்டியவருக்கோ பணியில் அமர வேண்டியவருக்கோ அவை ஏற்றவை அல்ல. அத்தகையோர் முன்னிருக்கை, தொலைவில் பதிந்த பார்வை, கைப்பேசியைத் தவிர்ப்பது ஆகிய பழைய வழிகளோடு இதையும் சேர்த்து முயன்று பார்க்கலாம். ஒலியைப் புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும். பயணமே இல்லாதபோதும் அடிக்கடி தலை சுற்றுபவர்களும், உரத்த ஒலி கேட்டாலே தடுமாறுபவர்களும் இதை முயலாமல், முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுக வேண்டும்.