மாக்கட்டி தந்த பாடம்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. அது "மலட்டு மாத்திரை" என்று கதை பரவிற்று. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரிந்தது: அது வெறும் மாக்கட்டி!

வதந்தி செய்யும் அழிவை இடம்பெயர்ந்த நாம் அறிவோம். பிள்ளை ஒரு கதையோடு ஓடிவந்தால் அதட்டாதீர்கள். மூன்று கேள்விகள் கேட்கப் பழக்குங்கள்: கண்டவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாரிடம் விசாரிக்கலாம்?

அடுப்படியிலும் காட்டலாம். கொதிநீரில் கோதுமை மாவைக் கொட்டுங்கள், கட்டி திரளும். ஆறியபின், பாடசாலையில் பாவிக்கும் அயடீன் கரைசலில் ஒரு துளி விட்டால் கருநீலமாகும். மாப்பொருளுக்கு அதுவே சாட்சி. தானே சோதித்தறிந்த பிள்ளை எளிதில் ஏமாறாது.