காற்றடித்தால் முட்டை ஏன் குறைகிறது?

மழைக்காற்று பலமாக வீசும் நாட்களில் முட்டை வரத்து குறைகிறதே, பண்ணைக்காரர் பதுக்குகிறாரோ என்று நம் சில்லறை வணிகர்கள் கேட்பதுண்டு. வேங்கிக்காலில் முட்டையும் தீவனமும் மொத்தமாக விற்றுவரும் நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சந்தேகப்பட்டோம். ஒரு பண்ணைக்காரரிடம் வார்த்தை தடித்து, அவருடைய சரக்கையே இழந்தோம். தவறு எங்களுடையது.

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. இறகுகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் அதற்குக் கம்பளி. காற்றைப் பார்த்து நின்றால் இறகு படிந்திருக்கும்; காகம்கூட மின்கம்பியில் அப்படித்தானே உட்காருகிறது! பின்னாலிருந்து அடித்தால் இறகு கலைந்து சூடு போய்விடும். நனைந்தும் விட்டால் கேட்கவே வேண்டாம். தின்ற தீவனம் உடம்பைச் சூடாக்கவே செலவாகும். கூடுதலாகப் போடாவிட்டால் முட்டைக்கு மிஞ்சாது. குளிரில் குஞ்சுகள் மூலையில் குவிந்து மூச்சுத்திணறிச் சாவதும் உண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் நம் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அந்த வாரம் முட்டைக் கணக்கு பற்றி நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சித்திரை வெயிலில் கதையே வேறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மேல்மூச்சு வாங்கும் கோழிக்குக் காற்றுதான் மருந்து. ஆகவே கொட்டகையை எப்போதும் மூடிவைக்கலாகாது. மழைக்காலத்திலும் காற்று வரும் பக்கம் மட்டும் படுதா கட்டி, மேலே ஒரு முழம் திறந்து விடவேண்டும். இல்லையேல் எச்சத்தின் அமோனியா நெடி கோழியின் கண்ணைக் கெடுக்கும்.

இப்போதெல்லாம் புயல் அறிவிப்பு வந்ததும் பண்ணைக்காரர் இரண்டு மூட்டை கூடுதலாகக் கேட்டால், கடனுக்கானாலும் கொடுத்துவிடுகிறோம்.