கோழித் தீவனத்தில் மருந்து எதற்கு?

"ஆறே வாரத்தில் பிராய்லர் கோழி இவ்வளவு பெரிசாகுதே, ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே!" என்று எங்கள் தெருவில் பேச்சு. அப்படியில்லை, சகோதரிகளே. கோழியின் ரகமும் சத்துள்ள தீனியும்தான் முக்கியக் காரணம்.

ஆனால், தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொஞ்சமாகக் கலக்கும் வழக்கம் உண்டு. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கியது இது. குடலிலுள்ள கிருமிகள் அடங்குவதால் தின்ற தீனி உடம்பில் ஒட்டுகிறது, எடை கூடுகிறது.

நமக்கென்ன என்கிறீர்களா? சிறிதளவு மருந்துக்கே பழகிய கிருமிகள் அப்புறம் அதற்கு அசையாது. அவை நம் குழந்தைக்குத் தொற்றினால், டாக்டர் தரும் மருந்தும் கேட்காமல் போகலாம். அதனால்தான் ஸ்வீடன் 1986-லும், ஐரோப்பிய யூனியன் 2006-லும் இந்த வழக்கத்தைத் தடை செய்தன. வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினைப் பண்ணைகளில் பயன்படுத்த 2019-ல் நம் அரசும் தடை போட்டது.

மாற்று வழிகள் இருக்கின்றன. தயிரில் இருப்பது போன்ற நல்ல நுண்ணுயிர்கள், சில அமிலங்கள், பூண்டு, மஞ்சள் ஆகியவற்றைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். சுத்தமான கொட்டகையும் தடுப்பூசியும் இருந்தால்தான் இவை பலன் தரும்.

என் சமையலறையில் பச்சைக் கறிக்கென்றே தனிப் பலகை, தனிக் கத்தி. நறுக்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். உள்ளே சிவப்பு தெரியாமல் நன்றாக வேகவிட்டால் கிருமி செத்துவிடும். இன்னொன்று: டாக்டர் எழுதித் தராத ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க!