கோவிலை மூடிய கடல் மணல்! சாளுவன்குப்பம் சொல்லும் சேதி

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரம் அருகே உள்ளது சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமி இங்கே மணலை அரித்துக்கொண்டு போனது. பாறையில் இருந்த பழங்காலக் கல்வெட்டு வெளியே தெரிந்தது.

அந்தத் துப்பை வைத்து 2005-ல் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் செங்கல்லால் கட்டிய முருகன் கோவில்! கூடவே கடல் மணல், சிப்பி அடுக்குகள். பல நூறு வருஷத்துக்கு முன்பே சுனாமி வந்து கோவிலைச் சாய்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

மணல் வந்தது எப்படி?

சுனாமி அலை கடலடி மணலை வாரிக்கொண்டு ஊருக்குள் பாயும். வேகம் தணிந்ததும் கனத்த மணல் முதலில் இறங்கும். பொடி மணல் அதன்மேல் படியும். கரையைத் தாண்டி உள்ளே போகப்போக அடுக்கு மெலியும். திரும்பும் தண்ணீர் வேறு இடத்தில் மண்ணைப் பறித்துவிட்டுப் போகும்.

ஒரு அலை புதைத்ததை இன்னொரு அலை காட்டிக் கொடுத்துவிட்டது!

கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதீங்க. மேட்டைப் பார்த்து ஓடுங்க!